பயங்கரவாத இயக்கங்கள் எவ்வளவு கட்டுக்கோப்பானவை? கோடியக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பதில்

மன்னார்குடியில் குரூப்-1 தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "இன்றைய பயங்கரவாதம் நிஜமாகவே ஒரே இடத்திலிருந்து இயக்கப்படுகிறதா சார், இல்லை ஆங்காங்கே நாலு பேர் கூடிச் செய்வதுதானா? தலைவனை முடித்துவிட்டால் இயக்கம் முடிந்துவிடுமா? இதை எதிர்க்க அரசாங்கம் என்னதான் செய்ய வேண்டும்?"

நாகப்பட்டினம் கோர்ட்டில் ரொம்பக் காலமாகக் கிரிமினல் வழக்கு நடத்தி வருகிறவன் நான். என் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் பீடி இலை, கஞ்சா, மஞ்சள் மூட்டை என்று படகோடு மாட்டிக்கொண்டவர்கள். குண்டு வைத்தவர் யாரும் என் அலுவலகப் படி ஏறியதில்லை. ஆனால் வேதாரண்யம் கரையோரத்தில் தொழில் செய்துகொண்டு இந்த விஷயத்தைப் படிக்காமல் இருக்க முடியாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய தாக்குதலுக்கு அமைப்பு வேண்டும். அமைப்பு என்று வந்துவிட்டால் கணக்கு, கடிதம், ஃபோன், வீட்டு வாடகை, கூலி எல்லாம் கூடவே வந்துவிடும். இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் போலீஸ் உள்ளே போகிறது. கட்டுக்கோப்பு அவர்களுடைய பலம் என்று நாம் நினைக்கிறோம், அதில் பாதிதான் சரி. அவர்கள் மாட்டிக்கொள்வதும் அதனால்தான். கட்டுக்கோப்பே இல்லாதவர்களைப் பிடிப்பது கஷ்டம், ஆனால் அவர்களால் செய்யக்கூடியதும் குறைவு. இதற்கு நடுவில் இப்போது ஒரு மூன்றாவது வகை வந்திருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் கரையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1991 மே 1ஆம் தேதி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு படகு கோடியக்கரையில் வந்து இறங்கியது. வந்தவர்கள் 9 பேர். சதியை நடத்திய சிவராசன், உடம்பில் குண்டு கட்டிக்கொண்டு போன தணு, அவளுக்குத் துணையாக வந்த சுபா அதில் இருந்தார்கள். மூன்று வாரம் கழித்து, மே 21ஆம் தேதி இரவு, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகள் அன்றைக்கு உலகத்தில் இருந்த ஆயுதக் குழுக்களிலேயே மிகவும் கட்டுக்கோப்பான ஒன்று. தனிக் கடற்பிரிவு, சொந்தக் கப்பல்கள், வெளிநாட்டில் ஆயுதம் வாங்குவதற்கென்று ஆள், உளவுப் பிரிவு, கழுத்தில் சயனைடு குப்பி. கொலைக்கு இரண்டு வாரம் முன்பு சென்னையில் வி.பி.சிங் கலந்துகொண்ட கூட்டத்துக்குப் போய் ஒத்திகைகூடப் பார்த்தார்கள்.

இவ்வளவு ஒழுங்காகத் திட்டம் போட்டவர்கள் எதில் மாட்டினார்கள் தெரியுமா? தாங்கள் செய்ததைப் படம் பிடித்து வைக்க வேண்டும் என்று ஒரு புகைப்படக்காரரைக் கூடவே அழைத்துப் போனார்கள். அவர் பெயர் ஹரிபாபு. குண்டு வெடித்ததில் அவர் இறந்துபோனார், அவருடைய கேமரா பிழைத்துக்கொண்டது. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் மாலையோடு நிற்கும் தணு, வெள்ளை ஜிப்பா போட்டுக் கையில் நோட்டுப் புத்தகத்தோடு பத்திரிகைக்காரர் மாதிரி நிற்கும் சிவராசன். அப்புறம் ஹரிபாபு வீட்டில் சோதனை போட்டபோது ஒரு ரசீது கிடைத்தது. சென்னை பூம்புகார் விற்பனை நிலையத்தில் சந்தன மாலை வாங்கிய ரசீது. நம் காவிரி கடலில் கலக்கிற ஊரின் பெயரைத் தாங்கிய கடை! மாலை வாங்கியவர் அந்தத் துண்டுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. கணக்குக் காட்ட வேண்டியிருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஊகம் என்றாலும் ஆதாரமில்லாமல் சொல்லவில்லை. 2013இல் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், திம்புக்துவிலிருந்து அல்-காய்தாவின் வட ஆப்பிரிக்கக் கிளையை பிரெஞ்சுப் படை விரட்டியது. அவர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ரசீதுகள் கிடைத்தன. சோப்பு ஒரு கட்டி. மக்ரோனி ஒரு பாக்கெட். ஒரே ஒரு மின்சார பல்பு. பென்சிலிலும் கலர் பேனாவிலும் துண்டுக் காகிதங்களில் எழுதி வைத்திருந்தார்கள். கூடவே ஒரு கடிதமும் அகப்பட்டது. பெல்மொக்தார் என்கிற தளபதிக்கு மேலிடம் எழுதியது அது. ஃபோன் செய்தால் எடுப்பதில்லை, செலவுக் கணக்கு அனுப்புவதில்லை, கூட்டத்துக்கு வருவதில்லை என்று பக்கம் பக்கமாகக் குற்றப் பட்டியல். தாலுகா ஆபீஸ் மெமோ தோற்றுப்போகும். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு தனியாகப் பிரிந்துபோய், 2013 ஜனவரியில் அல்ஜீரியாவில் இன் அமெனாஸ் எரிவாயு ஆலையைத் தாக்கினார். அதில் ஏறக்குறைய 40 பணயக்கைதிகள் செத்தார்கள்.

இதைப் படித்து முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யோசித்தால் விஷயம் புரியும். கீழே இருப்பவனை மேலே இருப்பவன் நம்புவதில்லை. பணம் கொடுத்தால் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். சுடச் சொன்ன இடத்தில் சுடுகிறானா, இல்லை ஊர்ப் பகையைத் தீர்த்துக்கொள்கிறானா என்று தெரிய வேண்டும். நேரில் போய்ப் பார்க்க முடியாது, ஆகவே எழுத்தில் கேட்கிறான். எழுத்தில் கேட்டால் எதிரி கையில் சிக்கும். கேட்காமல் விட்டால் ஆளும் பணமும் கையை விட்டுப் போகும். இந்த இக்கட்டிலிருந்து எந்த இயக்கமும் தப்பியதில்லை. ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) அமைப்பு சிரியாவுக்குள் வந்து சேர்ந்த ஆட்களிடம் 23 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பி வாங்கியது. ரத்த வகைகூட அதில் உண்டு. 2016இல் அந்தப் படிவங்கள் கசிந்து ஐரோப்பியப் போலீஸ் கைக்கு வந்தபோது, வழக்கு நடத்த அதைவிட நல்ல சாட்சியம் கிடைத்திருக்காது. மும்பையில் 2008 நவம்பர் 26 அன்று நடந்ததும் அப்படித்தான். பத்துப் பேரைக் கடல் வழியாக அனுப்பிவிட்டு, கராச்சியில் உட்கார்ந்தவர்கள் ஃபோனில் நிமிடத்துக்கு நிமிடம் உத்தரவு போட்டார்கள். 166 பேர் செத்த அந்தக் கொடுமைக்கு அந்த ஃபோன் தொடர்பு தேவைப்பட்டது. அதே ஃபோன் உரையாடலின் பதிவுதான், பின்னால் இருந்தவர்கள் யார் என்பதை உலகத்துக்குக் காட்டியது.

இப்போது அமைப்பே இல்லாதவர்கள். 2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவன் தனியாள். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைச் சுட்டவனும் தனியாள், அதை நேரலையாக வேறு ஒளிபரப்பினான். இருவரும் வெள்ளை இனவெறி பிடித்தவர்கள். பயங்கரவாதம் என்றதும் ஒரே ஒரு மதத்தை நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். தனியாளிடம் கட்டளை கொடுப்பவன் இல்லை, கூட்டாளி இல்லை, ரசீது கேட்பவனும் இல்லை. ஆனால் இப்படிச் செய்தவர்களில் பலர் முன்கூட்டியே யாரிடமாவது உளறியிருக்கிறார்கள் என்பது விசாரணைகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. நண்பனிடம், தம்பியிடம், முகம் தெரியாத இணைய நண்பர்களிடம்.

மூன்றாவது வகை இந்த இரண்டுக்கும் நடுவில். மேலிடம் எங்கோ இருக்கிறது, ஆட்களுக்கு அதோடு கம்பித் தொடர்புகூட இல்லை. பேச்சுகளைக் கேட்கிறார்கள், செயலியில் யாரோ ஒருவன் வழிகாட்டுகிறான், செய்து முடித்ததும் தலைமை "எங்கள் ஆள்தான்" என்று உரிமை கொண்டாடுகிறது. 2008 வாக்கில் அமெரிக்க ஆய்வாளர்கள் மார்க் சேஜ்மனுக்கும் புரூஸ் ஹாஃப்மனுக்கும் இதில் பெரிய சண்டையே நடந்தது. இனி தலைமையில்லாத சிறு குழுக்கள்தான் என்றார் சேஜ்மன். தலைமை உயிரோடுதான் இருக்கிறது, ஏமாறாதீர்கள் என்றார் ஹாஃப்மன். இரண்டும் சரியாகப்போனது என்பதுதான் பிறகு வந்த பத்து வருடம் காட்டியது.

தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தலைவனை முடித்தால் இயக்கம் முடியுமா? டெல்டாக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். கல்லணையில் ஷட்டரை இறக்கினால் கடைமடை காயும் என்பது ஆற்றுப் பாசனம் மட்டும் இருந்த காலத்துக் கணக்கு. வயலுக்கு வயல் போர்வெல் போட்டுவிட்ட ஊரில் ஷட்டரை இறக்கி என்ன ஆகப்போகிறது? பணமும் ஆயுதமும் உத்தரவும் ஒரே இடத்திலிருந்து வரும் இயக்கத்துக்குத் தலைமை போனால் எல்லாம் போகும். புலிகளுக்கு 2009 மே மாதத்தில் அதுதான் நடந்தது, அதற்காக வன்னி மக்கள் கொடுத்த விலை வேறு கதை. இராக்கில் அல்-காய்தா கிளையின் தலைவனாக இருந்த சர்காவியை 2006இல் அமெரிக்கா குண்டு போட்டுக் கொன்றது. அவன் விட்டுப்போன கூட்டம்தான் எட்டு வருடத்தில் ஐ.எஸ். என்ற பெயரில் மோசூல் நகரத்தையே பிடித்தது.

தலைவனைக் கொல்வதைவிட உயிரோடு பிடிப்பது எவ்வளவு பெரிய அடி என்பதற்குப் பெரு நாட்டைப் பார்க்க வேண்டும். ஒளிரும் பாதை என்ற மாவோயிஸ்ட் இயக்கம் அங்கே பன்னிரண்டு வருடமாக நாட்டை ஆட்டிப் படைத்தது. தலைவர் அபிமேல் குஸ்மான், முன்னாள் தத்துவப் பேராசிரியர். ராணுவம் மலைக் கிராமங்களில் புகுந்து ஏழைகளைக் கொன்று குவித்தது, இயக்கம் வளர்ந்ததுதான் மிச்சம். போலீஸில் ஒரு சின்னப் பிரிவு மட்டும் வேறு வழியில் போனது. ஆயுதம் குறைவு, பட்ஜெட் குறைவு, பொறுமை அதிகம். தலைநகர் லிமாவில் நடனப் பள்ளி நடத்தும் ஒரு பெண்ணின் வீட்டுக் குப்பையைத் தினமும் எடுத்துக் கிளறிப் பார்த்தார்கள். அந்த வீட்டில் இருப்பதாகச் சொன்ன ஆட்களுக்கு இவ்வளவு குப்பை வராது. குஸ்மான் புகைக்கும் பிராண்டு சிகரெட் துண்டு கிடந்தது. அவருக்குச் சொரியாசிஸ் தோல் நோய் உண்டு என்பது தெரியும், அதற்கான களிம்பின் காலி டியூபும் கிடந்தது. 1992 செப்டம்பர் 12ஆம் தேதி ஓர் உயிர்கூடப் போகாமல் மாடியில் போய்ப் பிடித்தார்கள். ஆறாத கோபத்தோடு பழிவாங்கத் துடிக்கும் தியாகி கிடைக்கவில்லை, கூண்டில் நிற்கும் கிழவர்தான் கிடைத்தார். இயக்கம் அதற்குப் பிறகு எழவே இல்லை.

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2008இல் ஒரு கணக்கு எடுத்தது. 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 குழுக்களைப் பார்த்து, முடிந்துபோனவை எப்படி முடிந்தன என்று ஆராய்ந்தார்கள். அரசியல் பாதைக்குத் திரும்பியவை 43 விழுக்காடு. போலீஸும் உளவுத்துறையும் முடித்துவைத்தவை 40 விழுக்காடு. ராணுவ பலத்தால் முடிந்தவை வெறும் 7. மீதி 10 விழுக்காடு, நினைத்ததைச் சாதித்துவிட்டுக் கலைந்தவை. டிவி விவாதத்தில் கத்துகிறவர்கள் இந்த 7ஐத்தான் 100 என்று நினைத்துக்கொண்டு கத்துகிறார்கள்.

போலீஸுக்கும் உளவுத்துறைக்கும் தகவல் எங்கிருந்து வருகிறது? ஒட்டுக்கேட்டு வருவது ஒரு பங்கு. மிச்சமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், பள்ளிவாசல் தலைவர், படகுக்காரர் சொல்வது. 2010 மே 1 அன்று நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் காருக்குள் வைத்த குண்டு வெடிக்காமல் புகைந்தது. வைத்தவன் பாகிஸ்தானின் வஜீரிஸ்தானில் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவன், ஆனாலும் சொதப்பினான். புகையைப் பார்த்துப் போலீஸுக்குச் சொன்னவர்கள் தெருவோர வியாபாரிகள். முதலில் கவனித்தவர்களில் ஒருவர் செனகலிலிருந்து பிழைக்க வந்த முஸ்லிம்.

இதற்கு நேர்மாறான கதை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தார்கள். தலைவன் சஹ்ரான் ஹாஷிம், கிழக்கு இலங்கையின் காத்தான்குடிக்காரன். குண்டு கட்டிக்கொண்டு போனவர்களில் இருவர் கொழும்பின் பெரிய மிளகு, மசாலா வியாபாரியின் பிள்ளைகள். அண்ணன் தம்பி, மைத்துனன், ஒன்றாகப் படித்தவன் என்று உறவாலும் நட்பாலும் கட்டிய கூட்டம் அது, சிரியாவிலிருந்து ஆள் வந்து கட்டிக்கொடுத்ததல்ல.

இதில் நெஞ்சைப் பிசைவது என்னவென்றால், இது யாருக்கும் தெரியாமல் நடக்கவில்லை. காத்தான்குடி முஸ்லிம்களே, முக்கியமாக சூஃபி மரபைச் சேர்ந்தவர்கள், சஹ்ரானைப் பற்றி வருடக்கணக்காகப் போலீஸில் புகார் கொடுத்து வந்தார்கள். 2017இல் அங்கே நடந்த மோதலுக்குப் பிறகுதான் அவன் தலைமறைவானான். 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோப்பில் வெடிமருந்து பிடிபட்டது. கோயம்புத்தூர் வழக்கு ஒன்றை விசாரித்த தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வுக்கு சஹ்ரானின் வீடியோக்கள் கிடைத்திருந்தன. ஏப்ரல் 4ஆம் தேதியே இந்திய உளவுத்துறை அவன் பெயரைச் சொல்லி எச்சரித்தது. என்ன பிரயோஜனம்? அங்கே ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. 2018 அக்டோபரிலிருந்து பிரதமரைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்கே கூப்பிடவில்லை. கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருந்தது. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, கட்டுக்கோப்பில் தோற்றது அரசாங்கம்தான்.

அதே கோயம்புத்தூரில் 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முதல் நாள், கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்து அதில் இருந்தவர் இறந்தாரே, அவர் 2019இல் என்.ஐ.ஏ. விசாரித்து அனுப்பிய ஆள். இதை வைத்து "விட்டுவிட்டார்கள் பார்" என்று சொல்வது எளிது. விசாரித்த ஒவ்வொருவர் பின்னாலும் ஆள் போட்டு வருடக்கணக்கில் சுற்ற எந்த நாட்டுப் போலீஸாலும் முடியாது. யார் பின்னால் போவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தேர்வு சரியாக அமைய, அக்கம்பக்கத்து ஆட்கள் வாய் திறக்க வேண்டும்.

வாய் திறப்பார்களா என்பதுதான் என் கவலை. 1991க்குப் பிறகு கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் என்ன நடந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். அந்தப் படகுகளுக்கு உதவியவர்கள் எல்லோரும் கொள்கைக் குன்றுகள் இல்லை. வல்வெட்டித்துறைக்கும் நம் கரைக்கும் நடுவில் கடல் நாற்பது மைல் அளவுதான். சேலை, லுங்கி, சோப்பு, தங்கம் என்று தலைமுறை தலைமுறையாக ஓடிய கள்ளக்கடத்தல் தடம் அது. 1983க்குப் பிறகு அதே தடத்தில், அதே கைகள் வழியாக, போராளிகளும் வந்தார்கள். அன்றைக்கு ஊரே அவர்களை வீட்டுப் பிள்ளையாகப் பார்த்தது, மேலே இருந்த அரசாங்கமும்தான். பயங்கரவாதம் தனக்கென்று புதிதாகச் சாலை போடுவதில்லை, ஏற்கெனவே இருக்கிற திருட்டுச் சாலையை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது. இதை மட்டும் தம்பி அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம். வங்கிக்குப் போகாமல் கைமாறி வரும் உண்டியல் (ஹவாலா) பணமும் அப்படியே. கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் சிங்கப்பூர், வளைகுடாப் பணம் உண்டியலில் வருவது வீடு கட்டவும் கல்யாணத்துக்கும்தான். ஆனால் பெயரில்லாத பணம் போகும் வழியில் வேறொருவன் பணமும் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

சரி, ராஜீவ் கொலைக்குப் பிறகு சிறப்புப் புலனாய்வுக் குழு வந்தது. சிவராசன் கூட்டத்துக்குத் துணையாக இருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் பிடிபட்டு, மணலில் புதைத்து வைத்திருந்த பொருள்களைக் காட்டிக்கொடுத்தார். விசாரணை முடிவதற்குள்ளேயே அவர் தூக்கில் தொங்கிய நிலையில் கிடைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கரையில் யார் எதைச் சொல்ல முன்வருவார்கள்? தெரிந்தவரும் தெரியாதவர் போல இருந்துவிட்டார்கள். அது அவர்களுடைய தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

வழக்கும் ஒரு பாடம். 1998 ஜனவரியில், தடா என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கான சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிக் கூண்டில் நின்ற 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. ஒருவர் விடாமல் 26 பேருக்கும்! 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. நாலு பேருக்குத் தூக்கு, மூன்று பேருக்கு ஆயுள். அதோடு, இது தடா சட்டத்தின்படி பயங்கரவாதச் செயலே ஆகாது என்றும் சொல்லிவிட்டது. சட்டம் படிக்காதவர்களுக்கு இது தலை சுற்றும். ராஜீவைக் கொல்வதுதான் சதி, அரசாங்கத்தையோ மக்களையோ மிரட்டுவது நோக்கம் என்று காட்ட அரசுத் தரப்பிடம் சாட்சியம் இல்லை என்பது நீதிபதிகளின் கணக்கு. ஆனால் போலீஸ் எஸ்.பி. முன்னால் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்ற தடா வசதி மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. குண்டுக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக்கொடுத்ததாக, தூக்குத் தண்டனை பெற்ற நால்வரில் ஒருவரான பேரறிவாளன் மேல் இருந்த குற்றச்சாட்டு அந்த வாக்குமூலத்தில்தான் நின்றது. எதற்காக வாங்கச் சொன்னார்கள் என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன வரியைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, நவம்பரில் மற்ற ஆறு பேரையும்.

தடாவில் நாடு முழுவதும் 70,000 பேருக்கு மேல் பிடித்தார்கள், தண்டனை பெற்றவர்கள் மிகச் சொற்பம். 1995இல் அந்தச் சட்டம் காலாவதியானது. பிறகு 2002இல் அதே மாதிரி பொடா என்ற சட்டம், 2004இல் அதுவும் போனது. இப்போது இருப்பது உபா என்று நாம் சொல்லும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் வரை அவகாசம், ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கடுமையான சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மும்பை மாதிரி ஒன்றைச் சாதாரணத் திருட்டு வழக்குபோல நடத்த முடியாது. ஆனால் சட்டம் கையில் சுலபமாக இருந்தால் புலனாய்வு சோம்பேறியாகிவிடுகிறது. சாட்சியம் தேடுவதற்குப் பதில் ஆளை உள்ளே வைத்திருப்பதே தண்டனை என்றாகிவிடுகிறது. ஐந்து வருடம் கழித்து நிரபராதி என்று வெளியே வருகிறவன் தெருவில், அடுத்த முறை போலீஸுக்கு யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள். வட அயர்லாந்தில் 1971 ஆகஸ்டில் பிரிட்டிஷ்காரர்கள் விசாரணையில்லாமல் ஆட்களைக் கூண்டோடு பிடித்து அடைத்தார்கள். அடுத்த வருட ஜனவரியில் டெரி நகரில் ஊர்வலம் போனவர்களைச் சுட்டார்கள். பிரிட்டனை எதிர்த்த ஆயுத இயக்கமான ஐ.ஆர்.ஏ.வுக்கு ஆள் சேர்க்கும் வேலையே மிச்சமானது. அந்த முப்பது வருடச் சண்டையில் அதிகம் பேர் செத்த வருடம் 1972தான். முடிந்தது 1998இல், மேசையில் உட்கார்ந்து பேசி.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி உயர்வு கேட்டவர்களுக்கு அச்சம் வர வேண்டும் என்பதற்காகச் செய்தது. மேல்முறையீட்டில் நிலச்சுவான்தார்கள் விடுதலையானார்கள். அதைப் பயங்கரவாதம் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. டெல்டாவில் இந்தத் தலைப்பைப் பேச உட்கார்ந்தால் கீழத்தஞ்சைக் கிராமங்களில் முதலில் வரும் கேள்வி, அது மட்டும் ஏன் பயங்கரவாதம் இல்லை என்பதுதான். பதில் சொல்லாமல் மேலே போகிறவரை அவர்கள் கேட்க மாட்டார்கள்.

இப்போது கரை எப்படி இருக்கிறது? தமிழ்நாட்டின் கடலோரம் 1,076 கிலோமீட்டர். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994லேயே வந்துவிட்டது, மும்பைக்குப் பிறகு கடல் காவல் நிலையங்களும் படகுகளும் கூடின. மீனவர்களுக்கு அடையாள அட்டை வந்தது. தகவல் சொல்ல 1093 என்ற எண் இருக்கிறது. அவ்வப்போது 'சாகர் கவச்' ஒத்திகை நடக்கும். போலீஸ்காரர்களே தீவிரவாதி வேஷத்தில் படகில் வந்து இறங்கப் பார்ப்பார்கள், மற்ற போலீஸார் பிடிப்பார்கள், மறுநாள் பேப்பரில் 'டம்மி தீவிரவாதிகள் சிக்கினர்' என்று படம் வரும். கேலி செய்யவில்லை, ஒத்திகை அவசியம்தான். ஆனால் அந்தக் கடலில் எந்தப் படகு யாருடையது என்பதை ராடாரைவிட நன்றாக அறிந்தவர் ஆறுகாட்டுத்துறையிலும் புஷ்பவனத்திலும் வெள்ளப்பள்ளத்திலும் இருக்கிறார். ஃபைபர் படகின் பெயிண்டைப் பார்த்தே இது நம் பக்கத்துப் படகா, இலங்கைப் படகா என்று சொல்லிவிடுவார். எஞ்சின் சத்தத்தில்கூடச் சிலர் சொல்வார்கள். இலங்கைப் பதிவெண்ணோடு ஒரு படகு ஆளில்லாமல் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது என்பது வேதாரண்யம் பக்கம் அரிதான செய்தி இல்லை. முதலில் பார்ப்பவர் எப்போதும் விடியற்காலையில் வலை எடுக்கப் போனவராகத்தான் இருப்பார்.

கூட்டம் கூடும் இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேளாங்கண்ணி கொடியேற்றம், நாகூர் கந்தூரி, கும்பகோணம் மகாமகம். மூன்று மதத்துக்கும் லட்சக்கணக்கில் ஜனம் சேரும் ஊர்கள் நம்முடையவை. மெட்டல் டிடெக்டர் வாசலை நட்டுவிட்டு, பீப் அடித்தாலும் "போங்க போங்க" என்று அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை. 1992 மகாமகத்தில் நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் செத்தார்கள், குண்டு எதுவும் வெடிக்கவில்லை. வெளியே போக எத்தனை வழி, ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும், மைக்கில் யார் பேசுவது என்பதை ஒழுங்கு செய்தாலே இரண்டு ஆபத்துக்கும் சேர்த்து ஏற்பாடு செய்த மாதிரி. வெடித்த பிறகு வதந்தி பரவாமல் தடுப்பதும் அந்த மைக்கிலிருந்துதான் தொடங்கும். நெரிசலிலும் வதந்தியிலும் சாகிறவர்களையும் குண்டு வைத்தவன் தன் கணக்கில்தான் எழுதிக்கொள்வான்.

ஆக, அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஊர் தெரிந்த காவலரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றாதீர்கள். மத்திய ஏஜென்சிக்குத் தெரிந்தது உள்ளூர் ஸ்டேஷனுக்கும் தெரியட்டும், கொழும்பு ஞாபகம் இருக்கட்டும். இளைஞன் ஒருவன் தப்பான வழியில் போகிறான் என்று பெற்றவர்களே வந்து சொன்னால், அவன் மேல் முதல் நாளே எஃப்.ஐ.ஆர். போடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருக்கக் கூடாது. பேசித் திருத்த ஒரு வழி இருந்தால்தான் அடுத்த தகப்பன் வருவார்.

கடைசியாக, என் தொழிலில் கண்ட ஒன்று. கரையில் கிடந்த மூட்டையைப் பற்றித் தானாகவே போய்ச் சொன்ன மீனவர் ஒருவரை எனக்குத் தெரியும். சொன்ன பாவத்துக்கு அவரை மகஜர் சாட்சியாக்கினார்கள், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்குச் சாட்சி. வாய்தாவுக்கு வாய்தா தொழிலை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். கோர்ட் வராந்தாவில் குற்றவாளியும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சிப் படி பஸ் டிக்கெட்டுக்கும் டீக்கும் சரியாகப் போனது. 2018இல் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் அப்படி ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்தத் திட்டம் வேதாரண்யம் மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தா வரைக்கும் வர வேண்டும். சாட்சிக்குத் தனி அறை, ஒரு நாள் கடல் தொழிலுக்கு ஈடான படி, முதல் வாய்தாவிலேயே சாட்சியத்தைப் பதிந்து அனுப்பிவிடுவது. இதற்கு ஆகும் செலவு ஒரு ரோந்துப் படகின் டீசலைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.